ஓட்டுநரில்லா வண்டியில் லைடார்: பொருத்துவது முதல் நம்பத்தக்க தரவு வரை

லைடார் என்பது லேசர் ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துச் சுற்றிலும் உள்ளவற்றின் தூரத்தை அளக்கும் சென்சார். அதைத் தேடுபவர்கள் முதலில் கேட்பது எத்தனை மீட்டர் வரை தெரியும், வினாடிக்கு எத்தனை புள்ளிகள் வரும் என்பதைத்தான். வண்டியில் பொருத்தி ஓட்டத் தொடங்கியதும் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை வேறு இடத்திலிருந்து வருகின்றன. சென்சார் எந்தக் கோணத்தில் நிற்கிறது, ஒவ்வொரு புள்ளியும் எந்தக் கணத்தில் எடுக்கப்பட்டது என்ற இரண்டும் சரியாகத் தெரியாவிட்டால், எவ்வளவு உயர்ந்த சென்சாராக இருந்தாலும் சாலையோரக் கம்பம் இரண்டாகத் தெரியும். அதனால் இந்தக் கட்டுரையில் கோணத்துக்கும் நேரத்துக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறோம்.

எடுத்துக்காட்டுக்கு வெலோடைன் விஎல்பி-16 சென்சாரை வைத்துக்கொள்வோம். இதைவிடச் செறிவான சென்சார்கள் வந்துவிட்டன. ஆனாலும் ஆய்வகங்களிலும் பயிற்சி வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். இதன் தரவு வடிவம் கையேட்டில் பைட் பைட்டாக விளக்கப்பட்டிருக்கிறது. எண்களும் கணக்குப் போட வசதியானவை. 2023இல் வெலோடைன் அவுஸ்டர் நிறுவனத்தோடு இணைந்துவிட்டதால், ஆவணங்களை இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

சென்சார் உள்ளே நடப்பது

ஒளி ஒரு நானோ வினாடியில் சுமார் 30 செ.மீ. செல்லும். லேசர் துடிப்பு போய்த் திரும்ப வேண்டும் என்பதால், அளக்கும் நேரத்தில் ஒரு நானோ வினாடி பிசகினால் தூரத்தில் 15 செ.மீ. பிசகும். 100 மீட்டரில் உள்ள பொருளிலிருந்து எதிரொளி திரும்பி வர 667 நானோ வினாடிகள் போதும். விஎல்பி-16இன் துல்லியம் ±3 செ.மீ. என்றால், அது நேரத்தை ஒரு நானோ வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு வரை அளக்கிறது என்று பொருள். இந்த வேலையைச் சென்சார் நன்றாகவே செய்துவிடும். உங்கள் வேலை அதற்கு வெளியே இருக்கிறது.

உள்ளே 16 லேசர்கள் மேலும் கீழுமாக −15 டிகிரியிலிருந்து +15 டிகிரி வரை 2 டிகிரி இடைவெளியில் அமைந்திருக்கின்றன. முழுத் தொகுதியும் வினாடிக்கு 5 முதல் 20 முறை சுழல்கிறது. வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியோடும் தூரம், கிடைக்கோணம், எந்த லேசர், எதிரொளியின் வலிமை, நேரம் ஆகியவை வரும். இந்தப் புள்ளிகளின் கூட்டத்தைத்தான் பாயிண்ட் கிளவுட் என்கிறோம்.

சுழலாத வகைகளும் உண்டு: சிறு கண்ணாடிகளை அசைத்து வருடுபவை, பட்டகங்களைச் சுழற்றி ஒரே தடத்தில் திரும்பத் திரும்பச் செல்லாமல் பரப்பை நிரப்புபவை, ஒரே ஒளிவீச்சில் மொத்தக் காட்சியையும் எடுப்பவை, அலைவெண்ணை மாற்றி அனுப்பி எதிரில் வருவதன் வேகத்தையும் சேர்த்து அளப்பவை. எதை வாங்கினாலும் கீழே சொல்லும் படிகள் பொருந்தும். எண்கள் மட்டும் மாறும்.

தேர்ந்தெடுக்கும் முன் கோணக் கணக்கு

'100 மீட்டர் வரை தெரியும்' என்ற வரியைப் படித்ததும், எவ்வளவு எதிரொளிக்கும் பொருளுக்கு என்று பாருங்கள். வெள்ளைப் பலகைக்கும் கருப்புக் காருக்கும் ஒரே தூரம் கிடைக்காது. தரத்தாளில் 10 சதவீத எதிரொளிப்புக்கு என்று ஒரு தூரம் போட்டிருந்தால், சாலைக்கு அதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். 80 சதவீதத்துக்கான எண்ணை மட்டும் போட்டிருந்தால் மற்றதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். 50 மீட்டரில் ஒருவர் நிற்கிறார். 2 டிகிரி இடைவெளியில் அடுத்தடுத்த இரண்டு கதிர்கள் அந்தத் தூரத்தில் 1.75 மீட்டர் விலகியிருக்கும். அதாவது அவர் மேல் ஒரு கதிர் படும். சில நேரம் ஒன்றுகூடப் படாது. கிடைமட்டத்தில் 10 ஹெர்ட்ஸ் சுழற்சியில் இடைவெளி 0.2 டிகிரி, 50 மீட்டரில் அது 17.5 செ.மீ. தோள் அகலம் அரை மீட்டர் என்று வைத்தால் மூன்று புள்ளிகள். ஆக, அந்த மனிதர் இந்தச் சென்சாருக்கு மூன்று புள்ளிகள்தான். 20 மீட்டருக்கு வந்துவிட்டால் இரண்டு மூன்று கதிர்கள் படும், ஒவ்வொன்றிலும் ஏழு புள்ளிகள். ஆளை அடையாளம் காணத் தொடங்கலாம். செங்குத்து இடைவெளி 0.2 டிகிரியாக உள்ள ஒரு சென்சாரில் இதே 50 மீட்டரில் முப்பது புள்ளிகள் வரை கிடைக்கும். 'எத்தனை மீட்டர் தெரியும்' என்ற கேள்வியை 'எத்தனை மீட்டரில் ஓர் ஆள் மேல் பத்துப் புள்ளிகள் விழும்' என்று மாற்றிக் கேளுங்கள். அந்தத் தூரத்துக்குள் வண்டி நின்றுவிட முடியுமா என்பதுதான் உங்கள் வேக வரம்பை முடிவு செய்யும்.

ஒரே தளத்தில் வருடும் மலிவான லைடார்களைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டாம். அறைக்குள் ஓடும் ரோபோவுக்கு அவை போதும். அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்பா 2005இல் நடத்திய ஓட்டுநரில்லா வண்டிப் போட்டியில் வென்ற ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி வண்டியில் அப்படிப்பட்ட ஐந்து லைடார்கள் கூரை மேல் முன்னோக்கிச் சாய்வாக வைக்கப்பட்டிருந்தன. வண்டி நகர நகரக் கோடுகளை அடுக்கித்தான் தரையின் வடிவத்தை உருவாக்கினார்கள். வண்டியின் சாய்வை அளப்பதில் சிறு பிசகு வந்தாலும், இல்லாத தடைகள் திரையில் முளைத்தன. அதைச் சமாளிக்கவே தனியாக நிகழ்தகவுக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. 2007இல் 64 கதிர்களைக் கொண்ட சுழலும் லைடார் வந்ததும், அந்த ஆண்டு தார்பாவின் நகரப் போட்டியை முடித்த ஆறு அணிகளில் ஐந்து அதைத்தான் பயன்படுத்தின.

அலைநீளத்தில் இரண்டு முகாம்கள். 905 நானோமீட்டர் அருகில் இயங்குபவை சிலிக்கான் உணரிகளைப் பயன்படுத்துகின்றன, எளிது. ஆனால் அந்த ஒளி விழித்திரை வரை செல்லும் என்பதால் ஆற்றலைக் கட்டுப்படுத்த வேண்டும். 1550 நானோமீட்டர் ஒளியைக் கண்ணின் முன்பகுதியே உறிஞ்சிவிடும். எனவே அதிக ஆற்றலை அனுப்பித் தொலைதூரம் பார்க்கலாம். அதே உறிஞ்சும் குணத்தால் ஈரமான பரப்புகளில் அதன் எதிரொளி குறையும். உணரிகளும் வேறு, சிக்கலானவை. நகர வேகத்தில் ஓடும் முதல் வண்டிக்கு 905 போதும்.

சென்சார் வரும் வரை

கிட்டி தரவுத்தொகுப்பைப் பதிவிறக்குங்கள். கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு ஃபோக்ஸ்வாகன் காரின் கூரையில் 64 கதிர் லைடாரை வைத்துப் பதிவு செய்து 2012இல் வெளியிடப்பட்ட தொகுப்பு இது. ஒவ்வொரு சுற்றும் ஒரு பைனரி கோப்பு. உள்ளே தலைப்பு எதுவும் கிடையாது. எக்ஸ், ஒய், இசட், எதிரொளி வலிமை என நான்கு 32 பிட் தசம எண்கள் வரிசையாக வரும், புள்ளிக்கு 16 பைட்டுகள். கோப்பின் அளவை 16ஆல் வகுத்தால் புள்ளி எண்ணிக்கை கிடைக்கும். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வர வேண்டும்.

ஓப்பன்3டி நூலகத்தில் அதைத் திறந்து ஒரு சோதனை செய்யுங்கள்: வண்டிக்கு அருகிலுள்ள சாலைப் புள்ளிகளின் இசட் மதிப்பு என்ன? சென்சார் தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஆகவே −1.73 அருகே வர வேண்டும். வந்தால் கோப்பைச் சரியாகப் படித்துவிட்டீர்கள், அச்சுகளையும் புரிந்துகொண்டீர்கள். உங்கள் சொந்த வண்டியிலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுவே.

பொருத்துதல்

கூரை நடுவில், நேர்நிலையாக வைப்பது தொடக்கத்துக்கு நல்லது. மிகக் கீழே பார்க்கும் கதிர் −15 டிகிரி என்றால், அது தரையைத் தொடும் தூரம் உயரத்தைப் போல 3.73 மடங்கு. 1.8 மீட்டர் உயரத்தில் வைத்தால் வண்டியைச் சுற்றி 6.7 மீட்டர் வரை தரையே தெரியாது. அந்த வட்டத்துக்குள் வண்டிக்கு அருகே குழந்தை குனிந்திருந்தாலும், தெருநாய் படுத்திருந்தாலும் இந்த லைடாருக்குத் தெரியாது. சென்சாரை முன்னால் சாய்த்து இதைச் சரிசெய்ய நினைப்பவர்கள் பின்பக்கம் வானத்தைப் பார்க்க வைத்துவிடுகிறார்கள். பம்பரின் இரு மூலைகளிலும் குறுந்தொலைவு சென்சார்களைச் சேர்ப்பதே சரியான வழி.

பிராக்கெட் அலுமினியமாக, தடிமனாக இருக்கட்டும். 3டி பிரிண்டரில் எடுத்த பிளாஸ்டிக் பிராக்கெட் இரண்டு வகையில் கெடுக்கும்: வெயிலில் மெல்ல வளையும், சென்சாரின் அடிப்பகுதி வழியே வெளியேற வேண்டிய வெப்பத்தையும் அடைத்துவிடும். விஎல்பி-16இன் அடியில் கேமரா ஸ்டாண்டுக்கு உள்ளது போன்ற ஒற்றைத் திருகுத் துளையும், பக்கத்தில் இரண்டு பின் துளைகளும் உண்டு. திருகை மட்டும் முடுக்கிப் பின்களைப் போடாமல் விட்டால், சாலை அதிர்வில் சென்சார் தன் அச்சில் மெதுவாகத் திரும்பும். ஒரு டிகிரி திரும்பினாலே 50 மீட்டரில் 87 செ.மீ. விலகல்; பக்கத்துத் தடத்தில் போகும் வண்டி உங்கள் தடத்துக்குள் வந்துவிட்டதாகத் தெரியும். பின்களைப் போடுங்கள், இழை பூட்டும் பசை தடவுங்கள், முடுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு உடைந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

முன் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதைத் தவிருங்கள். வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிகள் அகச்சிவப்பு ஒளியைத் தின்றுவிடும். மீதியில் ஒரு பங்கு கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பும்.

மின்சாரமும் கேபிளும்

விஎல்பி-16 சுமார் 8 வாட் எடுக்கும்; 9 முதல் 18 வோல்ட் வரை ஏற்கும். காரின் 12 வோல்ட் பேட்டரியில் நேரே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் பேட்டரி மின்னழுத்தம் 9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடும். சென்சார் அணைந்து மீண்டும் கிளம்பும். ஆல்டர்னேட்டரின் சுமை திடீரென விலகும்போது மின்னழுத்தம் மேல்நோக்கி எகிறும். வாகனப் பயன்பாட்டுக்கென்று செய்த டிசி-டிசி கன்வெர்ட்டர் ஒன்றை இடையில் வைத்து, சென்சாருக்குத் தனி ஃபியூஸ் போடுங்கள். சுழலி வேகம் பிடிக்கும்போது இயங்கு மின்னோட்டத்தைவிட அதிகம் இழுக்கும் என்பதால் கன்வெர்ட்டரை வாட் கணக்குக்கு ஒட்டித் தேர்ந்தெடுக்கக் கூடாது. இரண்டு மூன்று மடங்கு இடம் விடுங்கள்.

சென்சார் தண்ணீர் தாங்கும். கூட வரும் இடைமுகப் பெட்டி தாங்காது. அதை வண்டிக்குள் வையுங்கள். கேபிள் கூரையிலிருந்து உள்ளே நுழையும் முன் ஒரு சொட்டு வளைவு கொடுத்தால் மழைநீர் கேபிள் வழியே இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும். கார் தயாரிப்பாளர்களுக்காகச் செய்யப்பட்ட சில லைடார்கள் இரண்டே கம்பியுள்ள வாகன ஈதர்நெட்டில் பேசும். அவற்றை மடிக்கணினியில் நேரே செருக முடியாது. அதற்கென ஒரு மீடியா கன்வெர்ட்டரைச் சென்சாரோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

நெட்வொர்க்: முதல் புள்ளி வரும் வரை

1. கணினியின் ஈதர்நெட் முகவரியை 192.168.1.100 என்றும், மாஸ்க்கை 255.255.255.0 என்றும் கையால் அமையுங்கள். சென்சாரின் இயல்பு முகவரி 192.168.1.201.

2. வைஃபையை அணையுங்கள். வீட்டு, அலுவலக ரவுட்டர்கள் பலவும் இதே 192.168.1 வரிசையைப் பயன்படுத்துவதால், கணினி சென்சாரை வைஃபை பக்கம் தேடிக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குபவர்களின் முதல் நாளை விழுங்குவது பெரும்பாலும் இதுதான்.

3. பிரவுசரில் சென்சாரின் முகவரியைத் தட்டுங்கள். அமைப்புப் பக்கம் திறந்தால் கேபிளும் முகவரியும் சரி. சுழற்சி வேகத்தை நிமிடத்துக்கு 600 என்று வையுங்கள். அதுவே 10 ஹெர்ட்ஸ்.

4. நெட்வொர்க்கில் ஓடும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் யுடிபி போர்ட் 2368ஐப் பாருங்கள். ஒற்றை எதிரொளி நிலையில் வினாடிக்கு 754 பேக்கெட்டுகள் (தரவுப் பொதிகள்) வர வேண்டும். ஒரு துடிப்புக்கு இரண்டு எதிரொளிகளைத் தரும் இரட்டை எதிரொளி நிலையில் இதைப் போல இரு மடங்கு.

5. வயர்ஷார்க்கில் வருகிறது, உங்கள் நிரலில் வரவில்லை என்றால் ஃபயர்வாலைப் பாருங்கள். வயர்ஷார்க் ஃபயர்வாலுக்கு முன்பே பேக்கெட்டைப் பார்த்துவிடும். லினக்ஸில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருந்தால், வந்த வழியைச் சரிபார்க்கும் ஆர்பி ஃபில்டர் அமைப்பும் பேக்கெட்டுகளைச் சத்தமின்றித் தூக்கி எறியும்.

754 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பேக்கெட்டிலும் 16 லேசர்களும் ஒரு முறை சுடும் வரிசைகள் 24 உள்ளன. ஒரு வரிசைக்கு 55.296 மைக்ரோ வினாடி. 10 ஹெர்ட்ஸ் சுழற்சியில் ஒரு பேக்கெட் ஏறத்தாழ 4.8 டிகிரி அகலத்தைச் சுமக்கிறது. ஆகவே பேக்கெட் தொலைந்தால் திரையில் 4.8 டிகிரி அகலமான ஆப்பு வடிவ வெறுமை ஒன்று தோன்றி, அடுத்த சுற்றில் மறையும். அதே இடத்தில் நிலையாக ஒரு வெறுமை இருந்தால் அது நெட்வொர்க் கோளாறு இல்லை. சென்சார் கண்ணாடியில் அழுக்கு, அல்லது கூரையில் ஏதோ மறைக்கிறது. இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு குறிப்பு போதும்.

பேக்கெட் தொலைவதற்கு முக்கியக் காரணம் லினக்ஸின் யுடிபி பெறும் நினைவகம் சிறியதாக இருப்பது. இயல்பு உச்சவரம்பு 212992 பைட்டுகள். 64, 128 கதிர் சென்சார்களுக்கு இது பற்றாது. சில மெகாபைட்டுகளுக்கு உயர்த்துங்கள். பெரிய யுடிபி பேக்கெட்டுகளைத் துண்டுகளாக அனுப்பும் சென்சார்களில் ஒரு துண்டு தவறினாலும் முழுப் பேக்கெட்டும் போய்விடும்.

இரண்டாவது சென்சார் சேரும்போது, எல்லோருக்கும் ஒலிபரப்பும் இயல்பு நிலையிலிருந்து மாற்றி, ஒவ்வொன்றும் உங்கள் கணினியின் முகவரிக்கு மட்டும், தனித்தனிப் போர்ட்டில் அனுப்புமாறு அமையுங்கள்.

ரோபோக்களுக்கான மென்பொருள் கட்டமைப்பான ராஸ் 2 பயன்படுத்துபவர்கள் மூன்று இடங்களில் சிக்குவார்கள். முதல் இரண்டில் திரை கருப்பாகவே இருக்கும். புள்ளிகளைத் திரையில் காட்டும் ஆர்விஸ் மென்பொருளில் ஃபிக்ஸட் ஃபிரேம் (காட்சிக்கு அடிப்படையான அச்சு) சென்சாரின் ஃபிரேம் பெயரோடு பொருந்தாதது ஒன்று. டிரைவர் (சென்சாரின் பேக்கெட்டுகளைப் புள்ளிகளாக மாற்றித் தரும் நிரல்) 'பெஸ்ட் எஃபர்ட்' முறையில், அதாவது தவறினால் மீண்டும் அனுப்பாமல் அனுப்ப, திரை ஒன்றும் தவறக் கூடாது என்ற 'ரிலையபிள்' முறையில் கேட்பது இன்னொன்று. மூன்றாவதில் புள்ளிகள் வரும், ஆனால் உருவம் கூம்பு கூம்பாக வளைந்திருக்கும். டிரைவரில் வேறு மாடலின் அளவுத்திருத்தக் கோப்பைக் கொடுத்திருக்கிறீர்கள். விஎல்பி-16இல் லேசர்கள் சுடும் வரிசை −15, 1, −13, 3 என்று தாவித் தாவிப் போகும். சொந்தமாகப் பேக்கெட்டைப் பிரித்து எழுதுபவர்கள் இதைக் கீழிருந்து மேலாக என்று எடுத்துக்கொண்டால் சுவர் முழுக்கக் கிழிந்து தெரியும்.

நேரம்

இங்கே அவசரப்படாதீர்கள். வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகும்போது வினாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. லைடார் ஒரு சுற்று முடிக்க ஆகும் 0.1 வினாடிக்குள் வண்டி 1.67 மீட்டர் முன்னேறிவிடும். சுற்றின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒரே இடத்திலிருந்து எடுக்கப்பட்டவை இல்லை. வினாடிக்கு 30 டிகிரி திரும்பும் வளைவில் அதே சுற்றுக்குள் 3 டிகிரி திரும்பியிருப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் அதன் சொந்த நேரத்தில் வண்டி இருந்த இடத்துக்கு ஏற்ப நகர்த்த வேண்டும். இதற்கு டீஸ்கியூ என்று பெயர். இதைச் செய்ய இரண்டு தேவை: புள்ளிவாரியான நேரம், அதே கடிகாரத்தில் ஓடும் ஐஎம்யூ (வண்டியின் முடுக்கத்தையும் திரும்பலையும் அளக்கும் கருவி) அல்லது சக்கர வேகத் தரவு.

'அதே கடிகாரம்' என்பதில்தான் சிக்கல். 50 மில்லி வினாடி தவறு நேரான சாலையில் 60 கி.மீ. வேகத்தில் 83 செ.மீ. பிழை தரும். மேலே சொன்ன வளைவில் அதே தவறு 1.5 டிகிரி ஆகி, 50 மீட்டரில் 1.3 மீட்டர் பிழையாகும். மெதுவாகத் திரும்பும்போதுகூட நேராக வேகமாகப் போவதைவிட அதிகம் பிசகலாம்.

பேக்கெட் கணினிக்கு வந்து சேர்ந்த நேரத்தைப் பயன்படுத்துவது சோம்பேறி வழி. கணினி வேறு வேலையில் இருக்கும்போது அது தாறுமாறாக ஆடும். நிறைய டிரைவர்கள் இயல்பாக இதைத்தான் செய்கின்றன; சென்சார் நேரத்தைப் பயன்படுத்தும் அளவுருவை நீங்களே இயக்க வேண்டும்.

விஎல்பி-16க்கு ஜிபிஎஸ் பெறுவியிலிருந்து வினாடிக்கு ஒரு துடிப்பும், 9600 வேகத்தில் தேதியும் நேரமும் உள்ள ஜிபிஆர்எம்சி வாக்கியமும் கொடுக்க வேண்டும். துடிப்பு எந்தக் கணம் என்பதைச் சொல்லும். வாக்கியம் அது எந்த வினாடி என்பதைச் சொல்லும். ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. அமைப்புப் பக்கத்தில் பிபிஎஸ் (அந்த வினாடித் துடிப்பு) 'லாக்டு' என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இதன் நேரமுத்திரை ஒரு மணி நேரத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணிய மைக்ரோ வினாடிகள். மணி மாறும்போது பூச்சியத்துக்குத் திரும்பும். உலகப் பொது நேரமான யுடிசிப்படி 9:59க்குத் தொடங்கி 10:01க்கு முடியும் (இந்திய நேரம் பிற்பகல் 3:29 முதல் 3:31 வரை) பதிவு ஒன்றை எடுத்து, நேரம் தொடர்ச்சியாகப் போகிறதா என்று ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

புதிய சென்சார்கள் பிடிபி நெறிமுறையில் நெட்வொர்க் வழியே நேரம் ஒத்திசைக்கும். இதில் எல்லோரும் ஒரு முறையாவது மாட்டும் இடம் 37 வினாடி. பிடிபி பொதுவாகச் சர்வதேச அணு நேரத்தில் ஓடும்; கணினி யுடிசி நேரத்தில் ஓடும்; 2017 முதல் இரண்டுக்கும் இடையே 37 வினாடி வித்தியாசம். லைடார் தரவு சரியாக 37 வினாடி முன்னே அல்லது பின்னே வந்தால் சென்சாரைச் சந்தேகிக்க வேண்டாம். ஆஃப்செட்டை டிரைவரில் கழிக்கிறீர்களா, கணினியில் கழிக்கிறீர்களா என்று ஓரிடத்தில் முடிவு செய்யுங்கள். இரண்டு இடத்திலும் கழித்தால் மறுபடி 37.

ஒவ்வொரு சுற்றின் நேரமுத்திரையும் சுற்றின் தொடக்கத்தைக் குறிக்கிறதா, முடிவைக் குறிக்கிறதா என்பது டிரைவருக்கு டிரைவர் மாறும். தவறாக எடுத்தால் முழுதாக 100 மில்லி வினாடி பிழை. ஆவணத்தை நம்பாமல் நிரல் மூலத்தைத் திறந்து பாருங்கள்.

அச்சுகளும் அளவுத்திருத்தமும்

வண்டியின் ஆதாரப் புள்ளியைப் பின் அச்சின் நடுவில், தரை மட்டத்தில் வையுங்கள். ஓட்டுநரில்லா வண்டிகளுக்கான ஆட்டோவேர் போன்ற மென்பொருள்கள் எதிர்பார்ப்பதும் இதுவே. எக்ஸ் முன்னே, ஒய் இடப்பக்கம், இசட் மேலே. விஎல்பி-16இன் கையேட்டில் பூச்சியக் கோணம் ஒய் அச்சில் இருக்கும், ராஸ் டிரைவர் அதைத் திருப்பிக் கொடுக்கும். கையேட்டைப் பார்த்து நீங்களும் ஒரு முறை 90 டிகிரி திருப்பினால் முன்னே வரும் வண்டி பக்கவாட்டில் தெரியும்.

இடத்தை நாடாவால் அளந்தால் ஒரு சென்டிமீட்டருக்குள் வந்துவிடும், அது போதும். கோணத்தைக் கண்ணால் அளக்க முடியாது. சாய்வையும் உருளலையும் தரையிலிருந்து எடுங்கள்: சமமான, காலியான தளத்தில் வண்டியை நிறுத்தி, தரைப் புள்ளிகளில் ஒரு தளத்தைப் பொருத்தினால் அதன் செங்குத்துத் திசை சென்சாரின் சாய்வைச் சொல்லிவிடும். சக்கரக் காற்றழுத்தம் சரியாக இருக்கட்டும், வண்டியில் வழக்கமான எடை இருக்கட்டும். கிடைத்திருப்பத்தை நேரான நீண்ட சுவரை ஒட்டி ஓட்டி எடுக்கலாம்: வண்டி நேரே போகும்போது சுவரின் கோணம் எவ்வளவு மாறுபட்டுத் தெரிகிறதோ அதுதான் பிழை.

பிறகு கம்பச் சோதனை. ஒரு மெல்லிய விளக்குக் கம்பத்தைத் தேர்ந்தெடுத்து, அதைக் கடந்து முன்னே ஓட்டுங்கள். பின் அதே வழியே பின்னோக்கி ஓட்டுங்கள். பத்து வினாடிப் புள்ளிகளை உலக அச்சில் குவித்துப் பாருங்கள். கம்பம் கம்பமாகவே இருந்தால் நல்லது. முன்னே போகும்போது ஒரு பக்கமும், பின்னே வரும்போது எதிர்ப்பக்கமும் தள்ளித் தெரிந்தால் நேரம் பிசகியிருக்கிறது. இரு திசையிலும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளியிருந்தால் சென்சார் இருக்கும் இடத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். நேராகப் போகையில் சரியாக இருந்து, திரும்பும்போது மட்டும் விசிறி போல் விரிந்தால், டீஸ்கியூ நடக்கவில்லை அல்லது ஐஎம்யூவின் நேரம் ஒத்துப்போகவில்லை. விலையுயர்ந்த கருவிகள் எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனை, பல நாள் தேடலை ஓர் அரை மணியில் முடித்துவிடும்.

பதிவு

மூலப் பேக்கெட்டுகளைப் பிசிஏபி கோப்பாகவோ டிரைவரின் பேக்கெட் செய்திகளாகவோ சேமியுங்கள். விஎல்பி-16க்கு வினாடிக்கு 0.94 மெகாபைட், மணிக்கு 3.4 ஜிகாபைட்தான் ஆகும். எக்ஸ், ஒய், இசட் ஆக மாற்றிய பின் சேமித்தால் புள்ளிக்கு இருபது பைட்டுக்கு மேல் ஆகி, மணிக்கு இருபது ஜிகாபைட்டைத் தாண்டும். இடத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று: அளவுத்திருத்தத்தில் தவறு இருந்ததாகப் பிறகு தெரிந்தால், மூலப் பேக்கெட் இருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

தரையைப் பிரித்துப் பொருள்களைக் காண்பது

பழகுவதற்கு இந்த வரிசை போதும்: வண்டியின் சொந்தக் கூரையில் பட்ட புள்ளிகளை ஒரு பெட்டி அளவில் வெட்டி நீக்குங்கள், 0.1 மீட்டர் வோக்ஸல்களாக (சிறு கனசதுரங்களாக) பிரித்து நெருக்கத்தைக் குறையுங்கள். தளத்தோடு ஒத்துப்போகாத புள்ளிகளை ஒதுக்கிவிடும் ரான்சாக் முறையில் 0.2 மீட்டர் வரம்போடு தரைத் தளத்தைப் பொருத்தி நீக்குங்கள், மீதியை 0.5 மீட்டர் இடைவெளி, குறைந்தது 10 புள்ளிகள் என்று கொத்துகளாகப் பிரியுங்கள்.

சமதளத்தில் இது அழகாக வேலை செய்யும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒற்றைத் தளம் பொருந்தாமல் சாலையே தடையாகத் தெரியும். தரையைச் சிறு வட்டக்கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனியாக உயரம் கணக்கிட வேண்டும். கொத்துப் பிரிப்பு தூரத்தில் உடையும்: 30 மீட்டரில் இரண்டு கதிர்களுக்கு இடையே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும்போது, 0.5 மீட்டர் வரம்பு ஒரே காரை இரண்டு மூன்று துண்டுகளாக்கும். வரம்பைத் தூரத்தோடு சேர்த்து உயர்த்துங்கள். முதலில் இந்தக் கைக்கணக்கு வழியை முழுதாக எழுதிப் பார்த்துவிட்டு நரம்பியல் வலையமைப்புகளுக்குப் போவது நல்லது. எந்தப் புள்ளி ஏன் தொலைகிறது என்று தெரியாமல் போனால், மாடலின் தவறையும் தரவின் தவறையும் பிரிக்க முடியாது.

இல்லாததைக் காட்டும், இருப்பதை மறைக்கும் இடங்கள்

எதிரொளிப்புப் பூச்சுள்ள சாலைப் பலகைகள் உணரியைத் திகைக்க வைக்கும். பலகையைச் சுற்றி ஒளிவட்டம் போலப் பொய்ப் புள்ளிகள் பரவும். கண்ணாடிச் சுவர்கள் பின்னால் ஒரு பொய் உலகத்தைக் காட்டும், அல்லது சுவரே தெரியாது. ஈரச் சாலை ஒளியை முன்னோக்கி வழுக்கவிடுவதால் தொலைவிலுள்ள தரைப் புள்ளிகள் காணாமல் போகும். தேங்கிய நீரில் சாலைக்குக் கீழே புள்ளிகள் தோன்றும். மழைத்துளி, தூசு, குளிர்நேரப் புகைக்குழாய் ஆவி இவையெல்லாம் திடப்பொருள் போலவே வரும். இரட்டை எதிரொளி நிலையில் கடைசியாக வந்த எதிரொளியையும் வாங்கினால், துளியைத் தாண்டிப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கிடைக்கும். அடர்ந்த மூடுபனிக்கு அதுவும் உதவாது. அங்கே ரேடார்தான் கைகொடுக்கும்.

கண், கேமரா, துடைப்பு

வண்டியில் பயன்படுத்தும் லைடார் ஐஇசி 60825-1 தரத்தின்படி முதல் வகுப்பாக இருக்க வேண்டும். வெளி மூடியைக் கழற்றிய சென்சாருக்கு அந்த வகுப்பு பொருந்தாது, திறக்காதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்பான 1550 நானோமீட்டர் லைடாரும் கேமரா சென்சாரைச் சுட்டுவிடலாம். அருகிலிருந்து படம் எடுக்க வேண்டாம் என்று உடன் வேலை செய்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.

கண்ணாடியில் மண் இருக்கும்போது துணியால் தேய்த்தால் கீறல் விழும், கீறல் விழுந்த திசை நிரந்தரமாக மங்கும். முதலில் சுத்தமான தண்ணீரை ஊற்றி மண்ணைக் கழுவுங்கள், பிறகு மைக்ரோஃபைபர் துணியில் கையேடு அனுமதிக்கும் திரவத்தைத் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். உயர் அழுத்த நீர்ப்பீச்சியைச் சென்சார் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பிராக்கெட்டைக் கழற்றி மாட்டினாலோ, டயர் அளவு மாறினாலோ, கூரையில் எதையாவது இடித்துவிட்டாலோ தரைத்தளச் சோதனையையும் கம்பச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். டிரைவரையோ ஃபர்ம்வேரையோ புதுப்பித்த பிறகு, நேரமுத்திரை அமைப்பும் 754 என்ற பேக்கெட் எண்ணிக்கையும் பழையபடி இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.